காப்பகத்துப் பூனையைத் தத்தெடுத்தவர்களுக்கு: காது வெட்டு, சிப், காலர், உரிமம் எல்லாவற்றையும் உங்கள் பேருக்குக் கொண்டுவருவது எப்படி

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் எங்கள் பூனை சிட்டு காணாமல் போனாள். சென்னை தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கீழே யாரோ சரவெடி கொளுத்த, துணி எடுக்கப் போனபோது திறந்து வைத்த மொட்டைமாடிக் கதவு வழியாகப் பாய்ந்து, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, அப்படியே போய்விட்டாள். பதினோரு நாள் தேடினோம். அந்தப் பதினோரு நாளும் அவள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறாள். கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் அவளுக்குச் சாப்பாடு போட்டு, காலில் இருந்த காயத்துக்காக கிளினிக்குக்கும் தூக்கிப் போயிருக்கிறாள். "காது வெட்டியிருந்துச்சே அக்கா, கருத்தடை பண்ணி விட்ட தெருப் பூனைன்னுதான் நெனச்சேன்" என்றாள் பிறகு. அவள் நினைத்ததில் தப்பே இல்லை. அந்த கிளினிக்கில் ஸ்கேன் செய்தபோது தோலுக்கடியில் அடையாள எண் உள்ள சின்ன சிப்பும் இருந்திருக்கிறது. அதன் பதிவில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். அது காப்பகத்தில் முன்பு இருந்து, பிறகு வேலையை விட்டுப் போன ஒருவருடைய நம்பர்.

பூனை உடம்பில் இரண்டு அடையாளம் இருந்தது, இரண்டுமே எங்கள் வீட்டைக் காட்டவில்லை. காப்பகத்திலிருந்து வளர்ந்த பூனையைக் கூட்டி வருகிற பலருக்கும் இதே நிலைமைதான் என்று அப்புறம் விசாரித்தபோது தெரிந்தது. அதனால் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எவ்வளவு செலவு, எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் நான் கொடுத்தது, இல்லை விசாரித்தது. உங்கள் பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. கூட்டி வரும் அன்றைக்கே காகிதங்களைக் கையில் வாங்குங்கள்

நான்கு காகிதம் வேண்டும். உங்கள் பேர், போன் நம்பர், தேதி போட்ட தத்துப் படிவத்தின் நகல். தடுப்பூசி அட்டை. கருத்தடை செய்த தேதியும் டாக்டர் கையெழுத்தும் உள்ள சான்று. சிப் போட்டிருந்தால் அதன் எண் அச்சடித்த ஸ்டிக்கர், அல்லது அந்த எண்ணை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

"வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான உயிர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள், மறந்துவிடும். எனக்குத் தடுப்பூசி அட்டை மூன்று வாரம் கழித்து வந்தது, சிப் எண் வரவே இல்லை. சிப் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேளுங்கள்: "இதுக்கு சிப் போட்டிருக்கீங்களா? ரெஜிஸ்டர்ல பாத்துச் சொல்லுங்க." அவர்களுடைய பதிவு நோட்டில் பூனை வந்த தேதிக்கு நேரே இருக்கும். அங்கேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காப்பகத்தில் பூனைக்கு ஒரு பேர் இருக்கும், நீங்கள் வேறு பேர் வைப்பீர்கள். சிட்டுவுக்கு அங்கே ப்ரௌனி என்று பேர். தடுப்பூசி அட்டை ப்ரௌனி, கருத்தடைச் சான்று ப்ரௌனி, நான் அப்புறம் போட்ட ஊசிகள் எல்லாம் சிட்டு. பூனை வளர்க்க மாநகராட்சி தருகிற உரிமம் எடுக்கப் போகும்போது இது இரண்டு பூனையா ஒரே பூனையா என்ற கேள்வி வரும். அன்றைக்கே அட்டையில் புதுப் பேரையும் பக்கத்தில் எழுதி முத்திரை வாங்கிவிட்டால் தொல்லை இல்லை.

காகிதங்களை ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் எத்தனை வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். போனிலும் ஒரு நகல், வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு நகல்.

2. காதைப் பாருங்கள்

வளர்ந்த பூனை என்றால் ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டியிருக்கலாம், பெரும்பாலும் இடது காது. மேலே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எடுத்திருப்பார்கள். கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்திருக்கும்போதே செய்வது, அதனால் வலி தெரியாது. ஆறிய பிறகு காது கேட்பதில் ஒரு குறையும் இல்லை. வெட்டிய நுனி திரும்ப வளராது. தெருநாய்களுக்குக் காது ஓரத்தில் ஆங்கில வி மாதிரி ஒரு வெட்டு பார்த்திருப்பீர்கள், அதே காரணத்துக்குத்தான் இதுவும். தெருவில் திரியும் பூனையைப் பிடித்துப் பார்ப்பது கஷ்டம். பெண் பூனையென்றால் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனது தெரியும். தூரத்திலிருந்தே காதைப் பார்த்து விட்டுவிடலாம் என்பதற்காக இந்த அடையாளம்.

அதாவது அந்த வெட்டு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது, இந்தப் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று. வீடு உண்டா, யார் வீடு என்பது அதில் கிடையாது. இன்னும் சொல்லப்போனால் பார்க்கிறவர்கள் நேர் எதிராகத்தான் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் தெருப் பூனைக்குத்தான் காது வெட்டுவார்கள் என்பது பூனைக்குச் சோறு போடுகிற எல்லாருக்கும் தெரியும். காது வெட்டிய பூனையைத் தத்தெடுத்தவர்கள் கீழே சொல்கிற காலர், சிப் விஷயத்தில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, சண்டையில் கிழிந்த காதைக் கருத்தடை அடையாளம் என்று நினைப்பது. கிழிந்தது ஒழுங்கில்லாமல் பிசிறு பிசிறாக இருக்கும், வெட்டியது கத்தரியால் நறுக்கிய மாதிரி நேராக இருக்கும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு, வெட்டு இல்லை என்றால் கருத்தடை ஆகவில்லை என்று முடிவுகட்டுவது. வீட்டுக்குப் போகப்போகிறது என்று தெரிந்த குட்டிகளுக்குப் பல இடங்களில் காது வெட்டுவதில்லை, காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தச் சான்றுக்கு நான் இவ்வளவு சொல்வது அதனால்தான். மூன்று, வெள்ளைக் காதுள்ள பூனைகளுக்கு வெயிலால் காது நுனியில் புண் வந்து ஆறாமல் இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், அதற்காகவும் டாக்டர்கள் நுனியை எடுப்பார்கள். அடையாளம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள்.

3. வயிற்றையும் ஒரு தடவை பாருங்கள்

சில டாக்டர்கள் பெண் பூனைக்கு ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சின்னக் கோடு பச்சை குத்திவிடுவார்கள். அதற்கும் கருத்தடை ஆனது என்றுதான் அர்த்தம். முடியை ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கவலை இல்லை.

4. முதல் வாரத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், முழுசாக

சிப் என்பது அரிசி மணி அளவுதான், சுமார் 12 மில்லிமீட்டர் நீளம். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பூனை எங்கே இருக்கிறது என்று போனில் காட்டாது. "சிப் இருக்குல்ல, டிராக் பண்ணிப் பாருங்க" என்று தேடின நாட்களில் என்னிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். அதற்கு ஜிபிஎஸ் காலர் என்று தனியாக இருக்கிறது, அது வேறு.

நான் தவறவிட்டது இங்கேதான். சிட்டு வந்த வாரமே ஒரு கிளினிக்கில் ஸ்கேன் செய்யச் சொன்னேன். கழுத்துக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை ஸ்கேனரைக் காட்டிவிட்டு "இல்லம்மா" என்றார்கள், நானும் சரி என்று வந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து வேறொரு கிளினிக்கில் அந்தக் கல்லூரிப் பெண் தூக்கிப் போனபோது சிப் கிடைத்தது, இடது தோளுக்குக் கீழே, முன்னங்கால் ஆரம்பிக்கும் இடத்தில். சிப் போட்ட இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது, சில நேரம் நகர்ந்து கீழே வந்துவிடும்.

அதனால் நீங்கள் பக்கத்தில் நின்று இப்படிக் கேளுங்கள்: தோள்பட்டை நடுவில் ஆரம்பித்து, மெதுவாக, பாம்பு ஊர்கிற மாதிரி வளைத்து வளைத்து முதுகு, இரண்டு தோள், இரண்டு முன்னங்கால், நெஞ்சு வரை. இரும்பு டேக் போட்ட காலர் இருந்தால் கழற்றிவிடுங்கள், உலோகம் பக்கத்தில் இருந்தால் ஸ்கேனர் தடுமாறும். ஒரு தடவை வரவில்லை என்றால் இன்னொரு தடவை. இப்போது பெரும்பாலான நாடுகளில் பொதுவாக இருக்கிற ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) வகைச் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 125 கிலோஹெர்ட்ஸ் பழைய வகைச் சிப்பைச் சில ஸ்கேனர்கள் படிக்காது. அதனால் காப்பகம் "போட்டிருக்கிறோம்" என்று சொல்லியும் கிளினிக்கில் வரவில்லை என்றால் இன்னொரு இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவசரப்பட்டு இரண்டாவது சிப் போட்டுவிட்டால் ஒரே உடம்பில் இரண்டு எண், பின்னால் எந்தக் காகிதத்திலும் குழப்பம்.

எனக்குத் தெரிந்து ஸ்கேன் செய்ய மட்டும் யாரும் பெரிதாகக் காசு கேட்பதில்லை. தடுப்பூசிக்குப் போகும் அன்றைக்கே கேட்டால் அதே கன்சல்டிங் பீஸில் முடிந்துவிடும்.

5. சிப் இருந்தால் பதிவை உங்கள் பேருக்கு மாற்றுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், எல்லாரும் விடுவதும் இதைத்தான். சிப்புக்குள் உங்கள் பேரோ போன் நம்பரோ இல்லை, எண் மட்டும்தான். அந்த எண்ணை எந்தப் பதிவேட்டில், யார் பேரில், எந்த போன் நம்பரோடு சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 356 என்றால் இந்தியாவின் குறியீடு. 9-இல் ஆரம்பித்தால் பெரும்பாலும் சிப் தயாரித்த கம்பெனியின் குறியீடு. நம் நாட்டில் எல்லாச் சிப்பையும் ஒரே இடத்தில் தேடுகிற மாதிரி ஒரு பொதுப் பதிவேடு இல்லை. கம்பெனிக்கு ஒரு பதிவேடு, சில அமைப்புகளுக்கு ஒரு பதிவேடு. அதனால் காப்பகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி "பதிவு பண்ணிட்டீங்களா" என்பது இல்லை, "எந்தப் பதிவேட்டில், யார் பேரில், எந்த நம்பரில்" என்பது. சிப் போட்டுவிட்டுப் பதிவே செய்யாமல் விட்ட பூனைகளும் உண்டு. அதற்கு ஸ்கேன் செய்தால் 15 இலக்கம் வரும், அதற்கப்புறம் ஒன்றும் வராது.

மாற்ற என்னிடம் கேட்டவை: சிப் எண், தத்துப் படிவ நகல், என் ஆதார், இதுவரை யார் பேரில் இருந்ததோ அவர்களிடமிருந்து "மாற்றச் சம்மதம்" என்று ஒரு மின்னஞ்சல். கடைசியாகச் சொன்னதுதான் இழுத்தது. பதிவு தனி ஆள் ஒருவருடைய மின்னஞ்சலில் இருந்தது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். காப்பகம் தன் லெட்டர்பேடில் கடிதம் கொடுத்து, அதை அனுப்பி, பதில் வந்து, மொத்தம் 19 நாள். எனக்குக் கட்டணம் எதுவும் ஆகவில்லை, சில பதிவேடுகளில் கேட்பார்கள். நீங்கள் தத்தெடுக்கும் அன்றைக்கே அந்த மின்னஞ்சலை அனுப்ப வைத்துவிட்டால் இந்த 19 நாள் மிச்சம்.

போன் நம்பர் இரண்டு கொடுங்கள். இரண்டாவது நம்பர் வேறு வீட்டில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும், அக்கா, தங்கை, நெருங்கிய சிநேகிதி யாராவது. நம்பர் மாற்றினால் வங்கிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் சொல்கிற மாதிரி இங்கேயும் சொல்ல வேண்டும். மாற்றி முடித்ததும் நீங்களே அந்த இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். கூடவே நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் உங்கள் பேருக்கு நேரே சிப் எண்ணையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் ஏரியாவில் அடிபட்ட பூனையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் பக்கத்து கிளினிக்குக்குத்தான் போவார்கள்.

6. சிப் இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்

ஊசி சாதாரணத் தடுப்பூசி ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன், அதனால் ஒரு விநாடி கத்தும். மயக்கம் தேவையில்லை. கருத்தடை இன்னும் ஆகவில்லை என்றால் அந்த மயக்கத்திலேயே சேர்த்துப் போட்டுவிடலாம், அதற்குத் தெரியவே தெரியாது.

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்துத் தனியார் கிளினிக் இரண்டில் விசாரித்தபோது சிப்புக்கு 800, 1,100 என்று சொன்னார்கள், கன்சல்டிங் தனி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் சீட்டுக்குக் கொடுப்பது மிகக் குறைவு, ஆனால் அரை நாள் போய்விடும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள், பூனையைக் கண்டிப்பாக மூடிய கூடையில் கொண்டுபோங்கள், மேலே ஒரு துண்டு போட்டு மூடுங்கள். சுற்றி முழுக்க நாய்கள் இருக்கும்.

2025 நவம்பரில் மாநகராட்சி உரிமத்துக்குக் கெடு வைத்து முகாம் நடத்தியபோது சிப்பும் ரேபிஸ் ஊசியும் இலவசமாகவே போட்டார்கள். அப்படி முகாம் அறிவிப்பு வந்தால் விடாதீர்கள், ஆனால் காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசை சேர்ந்துவிடும்.

போடும்போது மூன்று தடவை ஸ்கேன் நடக்க வேண்டும். முதலில் பூனையை, ஏற்கெனவே சிப் இல்லை என்று உறுதி செய்ய. அப்புறம் பாக்கெட்டில் இருக்கும் சிப்பை, எண்ணும் ஸ்டிக்கரும் ஒன்றுதானா என்று பார்க்க. போட்ட பிறகு மறுபடி பூனையை. பாக்கெட்டோடு வருகிற ஸ்டிக்கர்களை விடாமல் வாங்கி ஒன்றைத் தடுப்பூசி அட்டையில், ஒன்றைத் தத்துப் படிவ நகலில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு அந்த இடத்தைத் தேய்த்துத் தடவ வேண்டாம்.

வெளிநாட்டில் வேலைக்குப் போகிற எண்ணம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல நாடுகளில் சிப் போட்ட பிறகு போட்ட ரேபிஸ் ஊசியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முதலில் சிப், அப்புறம் ஊசி. ஒரே நாளில் போட்டாலும் அந்த வரிசையில் போடச் சொல்லுங்கள்.

7. காலரும் தகடும்: தெருவில் பார்க்கிறவர்களுக்குப் புரிகிற ஒரே அடையாளம்

சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். காலரைப் படிக்கக் கண் போதும். காது வெட்டிய பூனை கழுத்தில் ஒரு காலர் இருந்தாலே "இது யார் வீட்டுதோ" என்று ஒரு எண்ணம் வரும்.

வாங்கும்போது இழுத்தால் தானாகக் கழன்றுவிடுகிற பிளாஸ்டிக் கொக்கி வைத்த காலராகப் பாருங்கள். நாய்க்குப் போடுகிற பெல்ட் வகை வேண்டவே வேண்டாம். நம் பக்கம் கேபிள் ஒயர், மாடிக்கம்பி, ஜன்னல் கிரில் எல்லாம் நெருக்கமாக இருக்கும். மாட்டிக்கொண்டால் தொங்கிவிடும். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் முன்னங்காலை உள்ளே விட்டு அக்குளில் சிக்கிப் புண்ணாகிவிடும். குட்டியாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை அளவு பாருங்கள், ஒரு மாதத்தில் கழுத்து வளர்ந்துவிடும். எனக்குக் காலர் 220 ரூபாய். கழன்று விழுவது அதன் வேலை, விழத்தான் செய்யும், அதனால் இரண்டாக வாங்குங்கள்.

தகடுதான் எனக்குத் தேடி அலைய வேண்டியதாகிவிட்டது. முதலில் இணையத்தில் வாங்கினது பெயின்ட் எழுத்து, இரண்டு மாதத்தில் அழிந்துபோனது. அடுத்து வாங்கினது ஏதோ மட்டமான இரும்பு. காசிமேட்டிலிருந்து வருகிற உப்புக் காற்றுக்கு நம் வீட்டு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம். கடைசியில் வழி சொன்னது என் மாமியார்தான், சீர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிறவரிடம் கொடுத்துப் பார் என்று. வண்ணாரப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் சின்ன மெஷினோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு எவர்சில்வர் வில்லை ஒன்றை மேஜை மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பத்து நம்பரும் ஒரே வரியில அடங்காது, அஞ்சு அஞ்சா ரெண்டு வரியாப் போடவா?" என்றார். "போடுங்கண்ணா, பின்னாடி இன்னொரு நம்பர்" என்றேன். ஊசி முனை கீச்சென்று ஓட ஓட வெள்ளைத் தூள் எழும்பியது, ஊதி ஊதித் துடைத்துக்கொண்டே வெட்டினார். ஐந்து நிமிஷம், வில்லையோடு சேர்த்து 60 ரூபாய். இன்றைக்கு வரை ஒரு எழுத்து மங்கவில்லை.

தகட்டில் பூனை பேர் வேண்டாம், இடம் வீண். போன் நம்பர் இரண்டு, இடம் இருந்தால் "வீட்டுப் பூனை" என்ற இரண்டு சொல். அதைத் தமிழில் வெட்டச் சொல்லுங்கள், நம் தெருவில் எல்லாரும் படிப்பார்கள்.

8. "அடையாளக் குறிகள்" கட்டத்தை ஒழுங்காக நிரப்புங்கள்

தடுப்பூசி அட்டையிலும் படிவங்களிலும் இப்படி ஒரு கட்டம் இருக்கும். அதில் "சாம்பல் வரி, நாட்டுப் பூனை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். தண்டையார்பேட்டையில் மட்டும் அப்படி எத்தனை பூனை இருக்கும் யோசியுங்கள். வரிப் பூனை எல்லாவற்றுக்குமே நெற்றியில் ஆங்கில எம் மாதிரி கோடு இருக்கும், அதுவும் அடையாளம் ஆகாது.

சிட்டுவைத் திரும்பக் கொண்டுவந்தது அவளுடைய வால்தான். நுனியில் கொக்கி மாதிரி ஒரு மடக்கு, பிறவியிலேயே அப்படி. நம் ஊர்ப் பூனைகளில் இப்படி மடங்கிய வால் நிறைய உண்டு, ஆனால் மடங்கும் இடமும் பக்கமும் ஒன்றுக்கொன்று மாறும். பால் பூத்தில் ஒட்டிய நோட்டீஸில் "இடது காது நுனி வெட்டியிருக்கும், வால் நுனி வலது பக்கம் மடங்கியிருக்கும், தடவினால் முடிச்சு மாதிரி தெரியும்" என்று எழுதியிருந்தேன். அந்தப் பெண் பால் வாங்க வந்தபோது படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பூனை வாலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள். அதற்கு முன்னால் "சாம்பல் வரிப் பூனை" என்று மட்டும் கேட்டு மூன்று பேர் கூப்பிட்டு மூன்று வேறு பூனையைக் காட்டினார்கள்.

ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் பூனையைத் தலையிலிருந்து வால் வரை பாருங்கள். மூக்கில் மச்சம், உதட்டோரம் கறுப்பு, பாதத் தசையின் நிறம் (எல்லாம் ரோஜா நிறமா, ஒன்று மட்டும் கறுப்பா), நெஞ்சில் வெள்ளைத் திட்டு, வயிற்றில் புள்ளி, வால் வளையம் எத்தனை, கண் நிறம், பழைய தழும்பு. இடது வலது சரியாக எழுதுங்கள், நமக்கு இடது இல்லை, பூனைக்கு இடது. பிறகு ஆறு போட்டோ: முகம் நேராக, இடது பக்கம் முழுசா, வலது பக்கம் முழுசா, வெட்டிய காது கிட்டத்தில், வால், வயிறு. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபில்டர் போட்டு அழகாக எடுத்தது எதுவும் தேடும்போது உதவாது, நிறமே மாறிவிடும். குட்டியென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுங்கள்.

மூன்று நிறம் கலந்த பூனை என்றால் அது அநேகமாகப் பெண்தான், காகிதத்தில் ஆண் என்று இருந்தால் திரும்பக் கேளுங்கள்.

9. மாநகராட்சி உரிமம்

நான் எடுத்தபோது ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். மாநகராட்சி இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். போன் நம்பர் கொடுத்து ஓடிபி வாங்கி உள்ளே போக வேண்டும். உங்கள் போட்டோ, பூனை போட்டோ, முகவரிச் சான்று, செல்லுபடியாகும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தயாராக இருக்கட்டும். சிப் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டலம் கேட்டால்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. வார்டு எண் சொத்து வரி ரசீதில் இருக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் அந்த ரசீதை ஒரு போட்டோ எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டுகிற இடம் தடுப்பூசிச் சான்றுதான். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு கிறுக்கல் இருந்தால் போதாது, டாக்டர் பேரும் பதிவு எண்ணும் உள்ள முத்திரை தெளிவாக வேண்டும். காப்பகம் கொடுத்த அட்டையில் பல நேரம் முத்திரை இருக்காது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் ரேபிஸ் ஊசி போடுவார்கள், அதற்கு முன் விண்ணப்பிக்க முடியாது. அப்புறம் வருஷா வருஷம் ஊசி. ஊசித் தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போது உரிமத்துக்குப் போனால் உடனே மறுபடி அலைய வேண்டும், அதனால் ஊசி போட்ட வாரத்திலேயே விண்ணப்பியுங்கள், இரண்டும் ஒன்றாகவே புதுப்பிக்க வரும். என் விண்ணப்பம் ஒரு தடவை பேர் வித்தியாசத்தால் திரும்பி, சரிசெய்து, மொத்தம் ஒன்பது நாளில் வந்தது.

உரிமத்தை எடுத்தால் ஒரு பெரிய உதவி, பூனை உங்களுடையது என்று தேதி போட்ட அரசுக் காகிதம் கையில் இருக்கும். கண்டெடுத்தவர் தர மறுத்தாலோ, அபார்ட்மென்டில் தகராறு வந்தாலோ, யாரையாவது பிறாண்டிவிட்டு ரேபிஸ் ஊசி போட்டதா என்ற கேள்வி வந்தாலோ அதையும் சிப் எண்ணையும் தத்துப் படிவத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

10. தீபாவளிக்கும் போகிக்கும் முன்னால்

வெடிச் சத்தம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். புரட்டாசி முடியும்போதே காலர், தகடு, சிப் பதிவில் போன் நம்பர் மூன்றையும் ஒரு தடவை சரிபாருங்கள். நோட்டீஸ் ஒன்றை இப்போதே தயார் செய்து போனில் வையுங்கள், தேதி மட்டும் காலியாக. காணாமல் போன அன்றைக்குக் கை நடுங்கும், ஒன்றும் எழுத வராது. எனக்கு அதில் மட்டும் ஒன்றரை நாள் போனது. ஜெராக்ஸ் 30 காப்பி எடுத்து ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டுங்கள், ஐப்பசி மழையில் வெறும் காகிதம் ஒரு இரவு தாங்காது.

ஒட்ட வேண்டிய இடம்: பால் பூத், டீக்கடை, மீன் விற்கிற இடம், பக்கத்து கிளினிக்குகள், மருந்துக்கடை. நோட்டீஸில் முதல் வரி பெரிய எழுத்தில் "காது வெட்டியிருந்தாலும் இது வீட்டுப் பூனை" என்று இருக்கட்டும். உடம்பில் வேறு யாரும் அறியாத ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள், போன் செய்கிறவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், முன்பணம் அனுப்பச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் அதில் தெரிந்துவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு, வழக்கமாகச் சாப்பாடு போடுகிற தட்டைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். முதலில் தேட வேண்டியது உங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருவும்தான், வண்டிகளுக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, பூட்டிய கடைகளின் ஷட்டர் இடுக்கில். டார்ச் அடித்தால் கண் மின்னும்.